ஒரு மோட்டார் உங்கள் ஊரை என்ன செய்தது? நீங்களே தேடி எழுத ஒரு வழி

அறிவியலும் தொழில்நுட்பமும் சமுதாயத்தை மாற்றுகின்றன என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் கட்டுரை எழுதியிருக்கிறோம். எப்படி மாற்றுகின்றன என்று யாராவது திருப்பிக் கேட்டால் செல்போன், இன்டர்நெட், ஏஐ என்று பெயர்களை அடுக்கிவிட்டு அதோடு நின்றுவிடுவோம். எனக்கு இந்தக் கேள்வி உறைத்தது மூன்று வருடத்துக்கு முன்னால். அவிநாசிக்கும் குன்னத்தூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் தோட்டத்தில் போட்ட போர் (ஆழ்துளைக் கிணறு) 1,100 அடி போயும் வெறும் புகைதான் வந்தது. துளை போட வந்த ரிக் வண்டி கிளம்பிப் போனபிறகு அப்பாரு (தாத்தா) பழைய கிணற்று மேட்டில் உட்கார்ந்து, "எங்கய்யன் காலத்துல இதே கெணத்துல முப்பதடியில தண்ணி நின்னுச்சு கண்ணு" என்றார். முப்பதுக்கும் ஆயிரத்து நூறுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தேட ஆரம்பித்ததில் எங்கள் ஊரின் எழுபது எண்பது வருடக் கதை முழுவதும் வெளியே வந்தது. சாதி, கல்யாணம், கடன், அரசியல், பனியன் கம்பெனி எல்லாம் அதற்குள் இருந்தன.

இந்த வேலையை யாரும் செய்யலாம். பட்டம் தேவையில்லை. 1916 வாக்கில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி, யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை மாடு, எத்தனை கிணறு, என்ன கூலி என்று எழுதி வரச் சொன்னார். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, திருநெல்வேலி கங்கைகொண்டான் போன்ற ஊர்களை அப்படித்தான் எழுதினார்கள். 1930களில் மறுபடி போய்ப் பார்த்தார்கள், 1980களில் இன்னொரு முறை பார்த்தார்கள். நூறு வருடத்துக்கு முன்பு கல்லூரிப் பையன்கள் நோட்டில் எழுதியதுதான் இன்றைக்கும் அந்த ஊர்களைப் பற்றிப் பேச அடித்தளம். உங்கள் ஊருக்கு அப்படி ஒரு நோட்டு இல்லையென்றால் அதை நீங்கள் எழுதுங்கள்.

முதலில் ஒரே ஒரு பொருள்

"எங்கள் ஊரில் தொழில்நுட்ப வளர்ச்சி" என்று ஆரம்பித்தால் முடிக்க மாட்டீர்கள். ஒரு பொருளை மட்டும் எடுங்கள். கண்ணால் பார்க்கக்கூடியதாக, கையால் தொடக்கூடியதாக, குறைந்தது இரண்டு தலைமுறை ஊரில் இருந்ததாக இருந்தால் நல்லது. எங்களுக்குப் பம்புசெட்டு. உங்கள் ஊருக்கு அது விசைத்தறியாக இருக்கலாம், ரைஸ் மில்லாக இருக்கலாம், கடற்கரை ஊர் என்றால் விசைப்படகு, மலை ஊர் என்றால் ஜீப். குடிநீருக்கே தவித்த ஊர் என்றால் 1970களின் பிற்பகுதியில் சென்னையில் பெருமளவில் செய்ய ஆரம்பித்த இந்தியா மார்க் 2 அடிபம்பை எடுத்துக்கொள்ளலாம், அது வந்த தெருவையும் வராத தெருவையும் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். இங்கே நான் பம்புசெட்டை வைத்தே சொல்கிறேன், முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

போய்ப் பாருங்கள், கேள்வி அப்புறம்

முதல் நாள் யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம். அந்தப் பொருளின் மிச்சமீதிகளை மட்டும் தேடிப் போங்கள். ஒரு பழைய கிணற்றைச் சும்மா அரைமணி நேரம் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு கல்தூண் நிற்கும், அதில் கவலை உருளை மாட்டிய பள்ளம் இருக்கும். கவலை என்றால் மாடு பூட்டித் தண்ணீர் இறைப்பது, தென்மாவட்டம் என்றால் கமலை என்பார்கள். அதற்கு நேரெதிரே மாடுகள் இறங்கி ஏறிய சரிவு, பெரும்பாலும் இப்போது மண் மூடி முள் முளைத்திருக்கும். கிணற்றின் உள்சுவரைப் பாருங்கள். மேலே கட்டுக்கல், அதற்குக் கீழே வெடிவைத்த பாறை, அதில் ஆழப்படுத்திய ஒவ்வொரு முறையும் ஒரு படி போலத் தெரியும். சுவர் நடுவில் ஒரு திண்டு இருந்தால், மோட்டாரை மேலிருந்து கீழே இறக்கி வைத்த இடம் அதுதான். அடியில் பக்கவாட்டில் ஓட்டை இருந்தால் அது சைடு போர். கடைசியில் கிணற்று மேட்டிலேயே ஒரு ஆறரை இஞ்ச் குழாய் மூடி போட்டு நிற்கும்.

இத்தனையையும் வரிசையாகப் பார்த்துவிட்டீர்கள் என்றால் ஒரு வரலாற்றுப் புத்தகத்தின் அட்டவணையே கையில் கிடைத்தமாதிரி. போட்டோ எடுங்கள். அளவுகோலுக்காக ஒரு செங்கல்லையோ ஒரு ஆளையோ பக்கத்தில் வையுங்கள், இல்லையென்றால் அப்புறம் படத்தைப் பார்த்து ஒன்றும் புரியாது.

வருடம் கேட்காதீர்கள்

"உங்க தோட்டத்துக்கு எந்த வருஷம் கரண்டு வந்தது?" என்று கேட்டால் "அது ஆச்சு ஒரு அம்பது வருஷம்" என்றுதான் பதில் வரும். யாருக்கும் வருடம் ஞாபகம் இருக்காது, சம்பவம் ஞாபகம் இருக்கும். அதனால் முதலில் உங்கள் பகுதிக்கு ஏற்ற சம்பவப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். எங்கள் பக்கம் யாரிடம் கேட்டாலும் நேரம் பிடிக்க உதவுகிற நிகழ்ச்சி பெருமாநல்லூர் துப்பாக்கிச்சூடு. மின்கட்டணத்தை யூனிட்டுக்குச் சில பைசா உயர்த்தியதை எதிர்த்து விவசாயிகள் போராடினார்கள், 1970 ஜூனில் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். "அதுக்கு முந்தியா பிந்தியா?" என்று கேட்டால் எண்பது வயது ஆயா கூட டக்கென்று சொல்லிவிடுவார். 1972இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை ரோடுகளில் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்திய போராட்டம், 1977இல் எம்ஜிஆர் ஜெயித்தது, 1987 டிசம்பரில் அவர் இறந்தது, பெரிய பையன் பிறந்தது, மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம், இப்படி எட்டுப் பத்துச் சம்பவம் போதும்.

யாரிடம் கேட்பது என்பதுதான் இந்த வேலையில் பெரிய விஷயம், இதில்தான் நான் முதலில் தவறு செய்தேன். நிலம் வைத்திருந்த வீட்டு ஆண்களிடம் மட்டும் ஒரு மாதம் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் சொன்னதெல்லாம் உண்மை, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது: மோட்டார் வந்தது, கஷ்டம் போனது, அப்புறம் தண்ணி போனது. கவலையில் மாடு ஓட்டிய வீட்டு ஆட்களிடம் போனபோது வேறொரு கதை கிடைத்தது. கொங்குப் பக்கத்துத் தோட்டங்களில் கவலை இறைத்தவர்களில் பெரும்பாலோர் பண்ணையத்துக்கு, அதாவது பண்ணையாளாக, இருந்த அருந்ததியர்கள், தண்ணீர் மொள்ளும் தோல் பறியைத் தைத்ததும் வாரும் வடமும் செய்து கொடுத்ததும் அவர்கள்தான். விடியற்காலை மூன்று மணிக்கு மாட்டைப் பூட்டி வெயில் ஏறும்வரை இறைப்பார்களாம். "மோட்டார் வந்ததுல எங்களுக்கு வேலை போச்சு சாமி, ஆனா அந்த வேலை போனதுனாலதான் எம் பையன் திருப்பூருக்குப் போனான்" என்று ஒரு பாட்டி சொன்னார். ஒரே இயந்திரம் ஒரே வீட்டில் பிழைப்பையும் பறித்து அடிமைத்தனத்தையும் அறுத்திருக்கிறது. எழுதும்போது இந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். எண்பது வயதிலும் என்னைப் பார்த்துச் சாமி என்று சொல்கிற பழக்கம் மட்டும் எந்த இயந்திரத்தாலும் போகவில்லை, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், வீட்டு ஆண்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில். தண்ணீர் எடுக்க எவ்வளவு தூரம் நடந்தீர்கள், ராத்திரி மும்முனைக் கரண்ட் வரும்போது தண்ணி கட்ட யார் போனது, போர் போட நகையை அடகு வைத்தார்களா, திருப்பினார்களா. கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் எந்த அரசாங்கப் புள்ளிவிவரத்திலும் கிடையாது.

அப்புறம் பொருளின் உடம்பைத் தெரிந்தவர்கள். காயில் கட்டுகிற மெக்கானிக், மோட்டார் இறக்கி ஏற்றும் ஆட்கள், ரிக்கில் வேலை செய்த டிரில்லர், நீரோட்டம் பார்க்கிறவர். நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோடு ரிக் லாரிகள் இந்தியா முழுக்கப் போகின்றன, அதில் பத்து வருடம் இருந்த ஒரு ஆள் எங்கள் ஊரிலேயே இருந்தார், எத்தனை அடியில் என்ன கலர் கல் வரும் என்று விரல் விட்டுச் சொன்னார். மெக்கானிக்கின் பழைய பில் புத்தகம் கிடைத்தால் அது தங்கம். எந்த வருடம் எத்தனை மோட்டார், எத்தனை குதிரைசக்தி என்று அதிலேயே இருக்கும்.

காகிதங்கள்

வாய்ப்பேச்சை மட்டும் நம்பி எழுதினால் யாராவது ஒருவர் வந்து ஒரே கேள்வியில் சாய்த்துவிடுவார். ஆகவே நான்கு வகைக் காகிதம் தேடுங்கள்.

வீட்டுப் பத்திரங்கள் முதலில். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றுப் பங்கு எழுதியிருக்கும், அண்ணனுக்கு இத்தனை நாள் முறை, தம்பிக்கு இத்தனை நாள் முறை என்று. பங்கு துண்டு துண்டாக ஆக, ஆளுக்கொரு போர் போடும் ஆசை எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும். முறை வருகிற நாளுக்காகக் காத்திருப்பதைவிட, அண்ணன் தம்பி முகத்தைப் பார்க்காமல் சுவிட்சைப் போடுவது எளிதாக இருந்திருக்கிறது.

அடுத்தது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அடங்கலும் அ பதிவேடும் (நில உரிமைப் பதிவேடு). எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், என்ன பாசனம் என்று அடங்கலில் வருடாவருடம் எழுதுவார்கள். பழையது பசலி ஆண்டில் இருக்கும், பயந்துவிடாதீர்கள், பசலியோடு 590ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும், ஜூலையில் ஆரம்பித்து ஜூனில் முடியும். பசலி 1380 என்றால் 1970 ஜூலை முதல் 1971 ஜூன் வரை. கேட்டவுடன் கிடைக்காது, மரியாதையாகக் கேளுங்கள், கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம்.

மூன்றாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகள். ஊர் வாரியாக மக்கள்தொகை, குடிநீர் எதிலிருந்து, மின்சாரம் உண்டா என்றெல்லாம் இருக்கும், கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்திலேயே பழைய கையேடுகளையும் இறக்கிக்கொள்ளலாம். மாவட்டங்கள் பிரிந்துகொண்டே வந்திருப்பதால் பழைய மாவட்டப் பெயரில் தேடுங்கள், எங்கள் ஊர் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டில்தான் இருந்தது, திருப்பூரில் தேடி ஒரு வாரம் வீணாகப் போனது.

நான்காவது காகிதமே இல்லை, வானத்திலிருந்து எடுத்த படம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972இலிருந்து பூமியைப் படம் எடுத்துவருகிறது, இப்போது எல்லாம் இலவசம். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களுக்குத் தள்ளிப் பார்க்கும் வசதி இருக்கிறது. வறட்சி வருடத்து மே மாதப் படத்தையும் நல்ல மழை வருடத்து டிசம்பர் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தத் தோட்டத்தில் தண்ணீர் இருந்தது, எதில் இல்லை என்று பச்சையே சொல்லும்.

ஆழக்கோடு வரையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு சார்ட் காகிதம் எடுத்து, குறுக்கே வருடம், மேலிருந்து கீழே அடி. நீங்கள் கேட்ட ஒவ்வொரு கிணற்றுக்கும் போருக்கும் ஒரு புள்ளி. போரின் ஆழம் வேறு, தண்ணீர் நிற்கிற மட்டம் வேறு, இரண்டையும் வேறு நிறத்தில் குறியுங்கள். நாற்பது ஐம்பது புள்ளி சேர்ந்ததும் கோடு படிக்கட்டுப் போல இறங்குவது தெரியும். சீராகச் சரியாது, ஒரு மட்டத்தில் கொஞ்ச வருடம் நிற்கும், சட்டென்று விழும், மறுபடி நிற்கும்.

ஏன் படிக்கட்டு? இங்கேதான் அறிவியல் வருகிறது. மேலே உட்கார்ந்திருக்கும் பம்பு தண்ணீரை உறிஞ்சவில்லை, காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றழுத்தத்தால் கணக்குப்படி சுமார் 10 மீட்டர் வரைதான் தள்ள முடியும், நடைமுறையில் ஏழெட்டு மீட்டர், அதாவது 25 அடி சொச்சம். அதனால்தான் தண்ணீர் கீழே போகப்போக மோட்டாரைக் கிணற்றுக்குள்ளே திண்டு கட்டி இறக்கினார்கள். அதற்கும் கீழே போனதும் கம்ப்ரசர் வைத்துக் காற்றை அடித்துத் தண்ணீரை மேலே கொண்டுவந்தார்கள். பிறகு தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்து மேலே தள்ளும் சப்மெர்சிபிள் வந்தது, அதோடு 25 அடி என்ற கட்டுப்பாடே ஒழிந்தது. இயற்கை போட்ட ஒரு வேலியை ஒரு இயந்திரம் தாண்டியதும் அடுத்த வேலி வரைக்கும் ஊரே ஓடியிருக்கிறது. அடுத்த வேலி பாறை. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடும்பாறை, அதில் விரிசல்களில் இருக்கும் தண்ணீர்தான் தண்ணீர். காற்றழுத்தத்தில் ஓடும் சுத்தியல் ரிக் வந்ததும் பாறையும் வேலியாக இல்லாமல் போனது, ஆனால் ஆழத்தில் விரிசலும் இல்லை, தண்ணீரும் இல்லை.

கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டை ஓட்டுங்கள்: கரண்டு. 1932இல் பைக்காரா மின் நிலையம் ஓட ஆரம்பித்து, நீலகிரியிலிருந்து இறங்கிய கம்பி முதலில் கோவை மில்களுக்குப் போனது. 1937இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் கோவையிலேயே மின்மோட்டார் செய்தார்கள், பின்னால் ஊர் முழுக்கப் பம்பு ஃபவுண்டரிகள் வந்தன. மில்லுக்குப் பருத்தி வேண்டும், நீளமான இழை தருகிற கம்போடியாப் பருத்திக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு மோட்டார் வேண்டும், ஆக மில்லும் விளைநிலமும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே போயிருக்கின்றன. 1957இல் மின்வாரியம் வந்தது, கிராமங்களுக்கு லைன் இழுத்தார்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. இன்று மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள், பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது.

இலவசக் கரண்டால்தான் தண்ணீர் போனது என்று நகரத்தில் இருப்பவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் ஆழக்கோட்டில் பெரிய வீழ்ச்சிகள் இரண்டு, ஒன்று இலவசம் வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. வறட்சி, போர் போடக் கிடைத்த கடன், தூர்ந்துபோன குளம், எல்லாம் அந்த இடத்தில் ஒன்றாக வந்து விழுந்திருக்கின்றன. இலவசம் வந்தபிறகு நடந்தது வேறு: நிறுத்துவதற்கான காரணம் எதுவும் பாக்கி இல்லாமல் போனது. உங்கள் ஊர்க் கோடு வேறு மாதிரி வரலாம், அதனால்தான் வரைந்து பார்க்கச் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கையும் போட்டு வையுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ, அதை ஒரு மீட்டர் தூக்க 9.8 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல். 30 அடியிலிருந்து, அதாவது 9 மீட்டரிலிருந்து ஆயிரம் லிட்டரைத் தூக்க ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு போதும். ஆயிரம் அடியிலிருந்து என்றால் 0.83 யூனிட். மோட்டாரும் பம்பும் பாதித் திறனில் ஓடுவதாக வைத்தால் ஒன்றரை யூனிட்டுக்கும் மேல். இந்தக் கணக்கை நான் சொன்னபோது அப்பாரு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பில் வராததால் அந்தச் செலவு அவர் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை.

யார் வந்தார்கள், யார் போனார்கள்

ஒரு நோட்டில் வீடு வீடாக ஒரு வரி. மோட்டாருக்கு முன் என்ன தொழில், இப்போது என்ன தொழில், நடுவில் நிலம் கூடியதா குறைந்ததா. எங்கள் ஊரில் முதல் பத்து மோட்டார் வைத்த வீடுகளில் பாதிப் பேர் வாரிசுகள் இன்று திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ அவிநாசி ரோட்டில் தறிக்குடோனிலோ இருக்கிறார்கள். பருத்தியிலும் புகையிலையிலும் வந்த பணம் அங்கே போயிருக்கிறது. கம்பும் ராகியும் விளைந்த காடு முதலில் பருத்தியாகி, வாழையாகி, ஆள் கிடைக்காததால் தென்னையாகி, கடைசியில் மனையாகிவிட்டது. தண்ணீர் விலைக்குப் போன காலமும் உண்டு. 1990களில் சாயப்பட்டறைகளுக்குக் கிணற்றுத் தண்ணீர் டேங்கர் லாரியில் போனது, விவசாயத்தைவிட அதில் காசு அதிகம். அந்தத் தண்ணீர் சாயமாகி நொய்யலில் இறங்கி, 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அணைக்குக் கீழே இருந்த ஊர்களின் நிலத்தைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. நம் ஊர்க் கிணறு எங்கோ இன்னொரு ஊரின் நிலத்தை உப்பாக்கியிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது. உங்கள் தேடல் ஊர் எல்லையில் நிற்கக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

குளத்தையும் பாருங்கள். மாநிலத்தில் ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் இருக்கின்றன. மடை திறந்து தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டி யார், அவருக்கு ஊர் என்ன கொடுத்தது, குடிமராமத்து (ஊர்மக்களே சேர்ந்து குளத்தைப் பராமரிப்பது) எப்போது நின்றது என்று கேளுங்கள். தனிக்கிணறும் தனிமோட்டாரும் வந்தவர்களுக்குக் குளம் தேவையில்லாமல் போகும்போது, குளத்தை மட்டுமே நம்பியிருந்தவர்கள் ஊர்க்கூட்டத்தில் தனியாகிவிடுகிறார்கள்.

பக்கத்து ஊரோடு ஒப்பிடுங்கள்

இத்தனையும் மோட்டாரால்தான் என்று எழுதப் போகிறீர்களா? பொறுங்கள். அதே மோட்டார் வந்தும் வேறு மாதிரி ஆன ஒரு ஊரைத் தேடுங்கள். எங்களுக்கு அது கோபி பக்கம். 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் ஓடுகிறது, அங்கேயும் கிணறு, அங்கேயும் மோட்டார், அங்கேயும் இலவசக் கரண்டு. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் விடும்போது கசிவில் கிணறுகள் ஊறுகின்றன. அதனால்தான் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது பல விவசாயிகள் எதிர்த்தார்கள். தண்ணீரைச் சேமிக்கும் வேலை என்று பொறியாளர் நினைப்பது, கிணற்றுக்காரருக்குத் தண்ணீரை நிறுத்தும் வேலை. இந்த ஒப்பீட்டைச் செய்ததும் என் கட்டுரையில் பாதி வரிகளை அடித்துவிட்டு எழுதினேன். மோட்டாரோடு, கீழே என்ன பாறை, மேலே என்ன வாய்க்கால், நிலம் யார் பெயரில், சட்டம் என்ன என்பதெல்லாம் சேர்ந்துதான் ஊரை மாற்றியிருக்கின்றன.

இனி வருவதை எடைபோட

இவ்வளவு வேலையும் பழங்கதைக்காக மட்டும் செய்வதில்லை. இப்போது ஊருக்குள் வந்துகொண்டிருப்பவற்றை அதே கண்ணால் பார்க்கலாம். செல்போனில் ரிங் விட்டால் மோட்டார் ஓடும் மொபைல் ஸ்டார்ட்டர் வந்தபிறகு திருப்பூரில் வேலையில் இருந்தபடியே தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள், தோட்டத்தில் ஆள் குடியிருக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. சொட்டுநீர் வந்தது, சிறு குறு விவசாயிகளுக்கு முழு மானியம். மிச்சமான தண்ணீர் நிலத்துக்குள்ளேயே இருந்ததா, இல்லை கூடுதலாக இரண்டு ஏக்கர் தென்னைக்குப் போனதா? எங்கள் பக்கம் நான் பார்த்தவரை இரண்டாவதுதான். 2019இல் ஆரம்பித்த பிஎம் குசும் திட்டத்தில் சோலார் பம்பு வருகிறது. வெயில் இருக்கும்வரை ஓட்டலாம், செலவு கிடையாது, ராத்திரி பாம்புக்குப் பயந்து போக வேண்டாம், அதெல்லாம் பெரிய நிம்மதி. ஆனால் நிறுத்துவதற்கு ஒரு காரணம் இல்லாத இயந்திரத்தை இந்த மண் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது. ஓட்டாத நேரத்து மின்சாரத்தை விவசாயி விற்கவும் நல்ல விலை கிடைக்கவும் வழி இருந்தால் நிலைமை வேறாக இருக்கலாம், ஆகவே சோலார் நல்லதா கெட்டதா என்று கேட்காமல் அந்த விலை என்ன என்று கேளுங்கள்.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு அவிநாசித் திட்டம் ஓட ஆரம்பித்தது. அறுபது வருடத்துக்கு மேல் கேட்ட திட்டம். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீர் 1.5 டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சிய அதே பம்பு இப்போது நிலத்துக்குள் தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க ஓடுகிறது, எங்கள் குட்டையில் தண்ணீர் நின்றதைப் பார்த்தபோது அத்தனை சந்தோஷம். இனிமேல் செய்ய வேண்டியது அளப்பது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நம் மாநிலத்தைப் பிர்க்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) வாரியாகப் பிரித்து, ஊறும் நீரில் 70 சதவீதத்துக்குள் எடுத்தால் பாதுகாப்பானது, 100 சதவீதத்தைத் தாண்டினால் மிகைச் சுரண்டல் என்று வகைப்படுத்துகிறது. உங்கள் பிர்க்கா எந்த வகை என்று பாருங்கள். ஆனால் பிர்க்கா பெரிது, உங்கள் தெரு சிறிது. ஐந்து கிணறுகளைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒரு நாள், அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது, கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்து நோட்டில் எழுதுங்கள். மோட்டார் ஓடாத நேரத்தில், விடியற்காலையில் அளந்தால்தான் மட்டம் சரியாக வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் இருந்தால் போதும், எங்கள் ஊரில் அவர்கள்தான் செய்கிறார்கள்.

எழுதி முடித்ததும்

யாருடைய பெயரையும் கடனையும் கிணற்றுத் தகராறையும் அவர்கள் சம்மதமில்லாமல் வெளியே போடாதீர்கள். வீட்டு எண்ணாக மாற்றிவிடுங்கள். பேசிய ஒவ்வொருவரிடமும் அவர் சொன்ன பகுதியைத் திரும்பப் படித்துக் காட்டுங்கள், படிக்கத் தெரியாதவர்களிடம் கட்டாயம்.

வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு ஆழக்கோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கட்டுரை வாசிக்க வேண்டாம், யாரும் கேட்க மாட்டார்கள், சார்ட்டைச் சுவரில் ஒட்டி "இதுல உங்க கெணறு எதுங்க?" என்று மட்டும் கேளுங்கள். பேச்சு தானாக ஆரம்பிக்கும். எங்கள் ஊரில் ஆரம்பித்த பேச்சு இரண்டு மணிநேரம் போனது, புது போருக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில் சண்டையே வந்தது, முடிவு எதுவும் எடுக்கவில்லை, அடுத்த சபைக்குத் தள்ளியிருக்கிறார்கள். சார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். நான் 1971 என்று போட்டிருந்த ஒரு புள்ளியை யாரோ அடித்து 1968 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அவரிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.